செல்லாது

முந்நூற்றுப் பன்னிரண்டு வேண்டும் என்றார்கள்.
கறுப்பு மை, அல்லது நீலம்.
பென்சில் செல்லாது.

மார்ச் மாதம். பாதி உருகிய பனி
சலவைக்கூடத்து வாசலில் சேறாய்க் கிடக்கிறது.
எழுதும் அட்டையைக் கையுறையில் ஏந்தி நிற்கிறேன்.
பேனா உறைந்துபோகிறது.
அக்குளில் செருகிச் சூடாக்கி
அடுத்த ஆளிடம் நீட்டுகிறேன்.

யாருக்கு?
தெக்லா பிராண்ட்வோல்டுக்கு.
ஒன்பதாம் தடத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாளே, அவளுக்கு.
எதற்கு?
டன்மோர் ஓடைப் பாலத்துக்கு.

கனரக வண்டி செல்லாது என்று
பலகை நட்டு ஆறு வருடம்.
பிள்ளைகள் இக்கரையில் இறங்கி
காற்றில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நடந்து
அக்கரையில் இன்னொரு பேருந்துக்குக் காத்திருக்கிறார்கள்.
மாவட்டக் குழுவில் எவரும்
அந்தப் பக்கம் வீடு கட்டவில்லை.

ஓட்டுக் கேட்கவில்லை ஐயா,
ஓட்டுச்சீட்டில் பேர் ஏறட்டும் என்றுதான்.
இதைச் சொல்லிச் சொல்லி நாக்குத் தேய்ந்தது.
காலுறைகளுக்கு ஜோடி தேடிக்கொண்டிருந்தவர்
"எந்தக் கட்சி?" என்றார்.
கட்சி இல்லை.
"ஐயோ பாவம்" என்று போட்டுக் கொடுத்தார்.

எர்வின் ஷுமாக்கருக்குப் பக்கவாதம்.
இடக்கையால், மூச்சை அடக்கி,
மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டு போட்டார்.
உலர்த்தி ஒன்று நின்றுவிட்டது.
அவர் இன்னும் இரண்டாவது எழுத்தில் இருந்தார்.

முந்நூற்று நாற்பத்தொன்று சேர்ந்தது.
கொண்டுபோய்க் கொடுத்தோம்.
மூன்றாம் நாள் எதிர்மனு வந்தது,
வழக்கறிஞரோடும் ஓர் அளவுகோலோடும்.

ஷுமாக்கர்:
பதிவேட்டில் உள்ளதோடு பொருந்தவில்லை. செல்லாது.
குலிக் தம்பதி:
முப்பது வருடமாய்க் காசோலையில் செய்வதுபோல
கணவன் பேரையும் மனைவியே எழுதிவிட்டாள்.
ஒன்று செல்லாது.
மாய் யர் லோர்:
தெரு இருக்கிறது, ஊர் இல்லை. செல்லாது.
(அவள் கடை ரொட்டியைத்தான்
அந்த அறையில் எல்லோரும் தின்றுகொண்டிருந்தார்கள்.)
ஒன்பதாம் தேதி போட்டுவிட்டு
பதினான்காம் தேதி செத்துப்போனவர் ஒருவர்.
அது செல்லும் என்றார் எழுத்தர்,
"அன்றைக்கு இருந்தாரே."

இப்படியே பதினான்கு போயின.
பரவாயில்லை, முந்நூற்று இருபத்தேழு.
தெக்லா மேஜைக்கடியில் என் முழங்காலைத் தட்டினாள்.

பிறகு பத்தொன்பதாம் தாள்.
பதினாறு வரி, பதினாறு பேர்,
அத்தனையும் சுத்தம்.
அடியில் சாட்சி: ரோக்ஸான் பெடர்சன்.
நான்.

அந்த வாரம்தான் வாடகை ஏறி வீடு மாறினேன்.
கை, பழக்கத்தில்,
பழைய கதவெண்ணை எழுதியிருக்கிறது.
சாட்சியின் விலாசம் தவறென்றால்
தாள் முழுதும் செல்லாது.

முந்நூற்றுப் பதினொன்று.

ஒன்று.
ஊரெல்லாம் கை நீட்டிய நான்
என் பேரைப் போட மறந்திருந்தேன்.
கடைசித் தாளில் போடலாம் என்று வைத்திருந்தேன்.
போட்டிருந்தாலும் அதே பழைய கதவெண்ணைத்தான் எழுதியிருப்பேன்.
இதில் எனக்கு ஆறுதல் உண்டா என்று
இன்னமும் தெரியவில்லை.

தெக்லா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.
"அடுத்த தேர்தல் எப்போது?" என்று
எழுத்தரிடம் கேட்டாள்.
இரண்டு வருடம்.
"அதற்குள் ஆறாம் வகுப்பு எட்டாம் வகுப்பாகிவிடும்" என்றாள்,
எவரைப் பார்த்தும் இல்லை.
பிறகு என் கையிலிருந்த அட்டையை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை பாலத்தடியில் பேருந்து நிற்கிறது.
பிள்ளைகள் இறங்கி நடக்கிறார்கள்.
அதே அட்டையில் வேறொரு பட்டியல்.
அக்கரையில் கடைசிச் சிவப்புத் தொப்பி ஏறும்வரை
ஒவ்வொரு பேருக்கும் எதிரே
ஒரு குறி போடுகிறாள்.

இருபத்து மூன்று.
இருபத்து மூன்றும் சரி.

பென்சிலால்.